மார்புக் கட்டியும் மந்திரிப்பும்

மண்டபத்தூர் போன்ற நம் கடற்கரை ஊர்களில் ஒரு ஸ்திரீக்குக் காலில் முள் தைத்தால் தெருவே வந்து பார்க்கும். மார்பில் ஒரு கட்டி கண்டாலோ கட்டிய புருஷனுக்குக்கூடச் சொல்ல மாட்டாள். மெல்ல வெளியில் தெரிந்தால் முதலில் கண்ணேறு என்பார்கள், பிறகு விபூதி, பிறகு தாயத்து. இவ்வளவும் ஆன பின்புதான் சில மைலில் உள்ள காரைக்கால் சர்க்கார் ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வரும்.

கோயில் தூணில் ஸ்தனங்களைச் செதுக்கி வைத்துக் கும்பிடவும், புராணப் பிரசங்கத்தில் அவற்றின் வர்ணனையைக் கேட்டுத் தலையாட்டவும் கூசாத ஜனங்கள், ஒரு தாய் அதே உறுப்பை டாக்டரிடம் காட்டினால் மானம் போயிற்றென்கிறார்களே, இது என்ன நியாயம்?

நிற்க. வலி கண்டவுடனே "புற்றுதான், இனி பிழைக்க மாட்டேன்" என்று படுத்துவிடுவது வீண் பயம். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல. மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு இரு மார்பும் கனத்து, முடிச்சு முடிச்சாய் நொந்து, பிறகு தானே தணிவது சாதாரணம். நீர்க்கட்டியும் நோகும். பால் கொடுக்கிறவளுக்குப் பால் கட்டிக்கொண்டாலும் நோகும். அதற்காகப் பிள்ளைக்குப் பாலை நிறுத்தக் கூடாது. சிவந்து காய்ச்சல் கண்டால் சீழ் பிடிக்குமுன் டாக்டரிடம் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நோகாத கட்டியைச் சாதுவென்று விட்டுவிடுவது. புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதற்காக, வலிக்கிற கட்டி எதுவும் புற்றாகாது என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே வலியை வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு மாதவிடாய் கழிந்தும் கரையாத கட்டி, கல்போல் கெட்டியானது, தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, அதில் இரத்தம் கசிவது, அக்குளில் கட்டி இவற்றில் எது கண்டாலும் தாமதிக்கலாகாது. மாதவிடாய் நின்றவர்கள் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

டாக்டர் கையால் தடவிப் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார், சந்தேகமிருந்தால் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பார். ஊசி பட்டால் புற்று பரவும் என்பது வெறும் கட்டுக்கதை. கையால் பார்ப்பதுதானே என்று அலட்சியமும் வேண்டாம். பம்பாயில் 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் ஸ்திரீகளிடம் டாட்டா ஆஸ்பத்திரியார் நடத்திய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற பெண்கள் குறித்த காலத்தில் கையால் சோதித்து வந்ததிலேயே, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்புப் புற்றால் இறப்பது ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு குறைந்ததென்று 2021-ல் வெளியிட்டார்கள். எந்தத் தாயத்து இந்தக் கணக்கைக் காட்டும்?

தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையே ஏற்படுத்தினார். நம் ஆண் தோழர்கள் அவ்வளவு செய்ய வேண்டாம். வலையில் ஒரு கண் அறுந்தால் அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்கிறவர்கள், மனைவியைப் பஸ் ஏற்றி அழைத்துப் போகட்டும். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்கலாம். இல்லையென்றால் நர்ஸம்மாவை உடன் நிற்கச் சொல்லலாம்.