முதல் ரத்த வாந்திக்கு முன்பே

ஒருவருக்கு சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோய் இருக்கிறது என்று மருத்துவர் சீட்டில் எழுதும் நாளிலேயே இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: அவருடைய உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா? பல குடும்பங்களில் இந்தப் பேச்சு முதன்முதலாகக் காதில் விழுவது, வீட்டு மனிதர் நள்ளிரவில் ரத்த ரத்தமாக வாந்தி எடுத்து, 108 வண்டியில் ஏற்றப்பட்ட பிறகுதான். சிகிச்சை அந்த இரவில் தொடங்குவது தாமதம். அந்த இரவே வராமல் தடுக்க மருந்தும் உண்டு, முறையும் உண்டு. தமிழக அரசு அவற்றை மாவட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற பெரிய நாளம் வழியாகக் கல்லீரலுக்குள் புகுந்து, அதைக் கடந்துதான் இதயத்துக்குப் போக முடியும். கல்லீரல் தழும்பேறி இறுகினால் அந்தப் பாதை நெருக்கப்படுகிறது. மதகு அடைபட்ட ஏரியின் தண்ணீர் கரையில் மண் இளகிய இடத்தைத் தேடிப் போவதைப் போல, ரத்தம் உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்புறத்திலும் ஓடும் மெல்லிய நாளங்களுக்குள் திரும்பி அவற்றைப் புடைக்க வைக்கிறது. போர்ட்டல் அழுத்தத்தைக் காட்ட, கல்லீரலின் இரு பக்கத்துக்கும் இடையே அளக்கப்படும் அழுத்த வேறுபாடு இயல்பாக 5 மி.மீ. பாதரச அளவைத் தாண்டாது. 10-ஐத் தொட்டால் நாளங்கள் புடைக்க ஆரம்பிக்கும். 12-ஐத் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து உண்டு. இவ்வளவும் நடக்கும்போது நோயாளிக்கு வலி இருக்காது, நெஞ்செரிச்சல் இருக்காது, சோறு விழுங்குவதிலும் சிரமம் இருக்காது. யாராவது தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

சிரோசிஸ் கண்டுபிடிக்கப்படும்போதே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தப் புடைப்பு வந்துவிட்டிருக்கிறது. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளித்து வருகிறவர்களிடம் இன்னும் அதிகம். புடைப்பு உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றில் 10 முதல் 15 பேருக்கு அது வெடிக்கிறது. அப்படி வெடித்தவர்களில், எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையில் சேர்த்தாலும்கூட, நூற்றில் 15 முதல் 20 பேர் ஆறு வாரத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களை வெறுமனே வீட்டுக்கு அனுப்பிவைத்தால், பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் அதே வாசலுக்கு வருவார்கள்.

தடுக்கும் மருந்து புதியதல்ல. ஒரு மாத்திரை சில ரூபாய்தான். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960-களில் நெஞ்சுவலிக்காரர்களுக்காக உருவாக்கிய புரோப்ரனலால்தான் அது. அது போர்ட்டல் அழுத்தத்தையும் குறைக்கிறது, ஒருமுறை ரத்தம் கசிந்தவர்களுக்கு மறுகசிவைத் தடுக்கிறது என்று பிரான்ஸில் திதியே லெப்ரெக் குழுவினர் 1981-ல் காட்டினார்கள். இப்போது அதே குடும்பத்தைச் சேர்ந்த கார்வெடிலால் முன்னுக்கு வந்திருக்கிறது. இத்தாலியின் பவேனோ என்ற ஏரிக்கரை ஊரின் பெயரால் 1990 முதல் நடந்துவரும் நிபுணர் கூட்டம், 2021-ல் நடந்த ஏழாவது அமர்வில் கார்வெடிலாலையே பரிந்துரைத்தது. அதற்கு வலுவான காரணம் ஒன்று 2019-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு. போர்ட்டல் அழுத்தம் உயர்ந்திருந்தும் நோய் முற்றாத 201 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இவ்வகை மாத்திரையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. மருந்து எடுத்தவர்களிடம் அது 16 ஆகக் குறைந்தது. ஆக, மாத்திரை தடுப்பது ரத்தக்கசிவை மட்டுமன்று, நோயின் அடுத்த கட்டத்தையே.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பேண்டிங் உண்டு. எண்டோஸ்கோபிக் குழாயின் முனையிலிருந்து சின்ன ரப்பர் வளையம் ஒன்றைப் புடைத்த நாளத்தின் அடியில் மாட்டிவிடுவார்கள். ரத்தம் நின்று அது சுருங்கி உதிர்ந்து, அந்த இடம் வடுவாகும். தில்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் எஸ்.கே. சரின் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு, பெரிய புடைப்பு உள்ளவர்களின் முதல் கசிவைத் தடுப்பதில் புரோப்ரனலாலைவிட பேண்டிங் மேல் என்றது. பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் உயிர் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஏற்கெனவே ஒருமுறை ரத்தம் கசிந்தவர்களுக்கு இரண்டும் வேண்டும். எது சிறந்தது என்ற வாதம் மாநாட்டு அரங்குகளில் நடக்கட்டும். இரண்டில் ஒன்றுகூடக் கிடைக்காமல் ஒரு நோயாளி ஊர் திரும்புவதைத்தான் ஏற்க முடியாது.

‘சிரோசிஸ் உள்ள எல்லோருக்கும் எண்டோஸ்கோபி செய்ய மருத்துவர்கள் எங்கே?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடையும் இருக்கிறது. கல்லீரலின் இறுக்கத்தை விலாவின் மேல் கருவியை வைத்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 20 கிலோபாஸ்கலுக்குக் குறைவாகவும், ரத்தத்தில் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருந்தால் எண்டோஸ்கோபியை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்று 2015-லேயே பவேனோ கூட்டம் சொல்லிவிட்டது. பிளேட்லெட் குறைவு என்றதும் நமக்கு டெங்கு காய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் காய்ச்சலே இல்லாத ஒருவருக்கு வருடக்கணக்கில் அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனால், வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் ரத்தப் பரிசோதனையே போதும். மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் ஃபைப்ரோஸ்கேன் கருவி இருப்பதும், சந்தேகத்துக்குரியவர்களைக் கீழிருந்து அங்கே அனுப்பும் ஏற்பாடு இருப்பதும் நிதித் துறையைத் திணறடிக்கும் செலவல்ல.

அடுத்தது அந்த இரவு. எவ்வளவு தடுத்தாலும் சிலருக்கு நாளம் வெடிக்கத்தான் செய்யும். 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்து பேண்டிங் போட வேண்டும் என்பது உலகம் ஏற்ற நெறி. அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஊசியை, சந்தேகம் எழுந்த உடனேயே தொடங்கலாம். கூடவே செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஒரு நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து. ரத்த வாந்திக்கு எதற்கு ஆன்ட்டிபயாடிக் என்று உறவினர்கள் கேட்பார்கள். கசிவு நேரத்தில் குடலின் கிருமிகள் ரத்தத்தில் கலப்பதே இந்த நோயாளிகளில் பலரைக் கொல்கிறது என்பதும், இந்த மலிவான ஊசி மரணங்களைக் குறைக்கிறது என்பதும் நிரூபணமானவை. வட்டார மருத்துவமனையில் இந்த இரண்டு ஊசிகளும் இருந்தால், மாவட்டத் தலைநகரை நோக்கி வண்டி கிளம்பும்போதே பாதிச் சிகிச்சை நடந்துவிடும்.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒருவர் ரத்த வாந்தி எடுத்தால், வாட்ஸ்அப் குழுக்களில் ‘அவசரம், ஆறு யூனிட் தேவை’ என்று செய்தி பறக்கிறது. ஊரே திரண்டு ரத்தம் கொடுக்க வருகிறது. அந்த மனசு பெரியது. ஆனால் பார்சிலோனாவில் 921 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கும்வரை பொறுத்து அளவாக ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 95 பேரும், 9-க்குக் கீழே போனதுமே தாராளமாக ஏற்றப்பட்டவர்களில் 91 பேரும் ஆறு வாரம் பிழைத்திருந்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றும் ரத்தம் போர்ட்டல் அழுத்தத்தைக் கூட்டி, அடைபட்ட கசிவைத் திரும்பத் திறக்கிறது. ரத்தம் ஏற்றாமல் மருத்துவர் காத்திருந்தால் அது அலட்சியம் ஆகிவிடாது. இதைப் படுக்கை அருகே நிற்கும் உறவினருக்கு இரண்டு வரியில் விளக்கிச் சொல்வதும் மருத்துவமனையின் வேலை.

‘குடித்துக் குடித்துத் தானே வரவழைத்துக்கொண்டவனுக்கு ஊர்ப் பணத்தில் வைத்தியமா?’ டீக்கடையில் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. சில வார்டுகளிலும் இந்த முகச்சுளிப்பைப் பார்க்கலாம். முதலாவது, எல்லா சிரோசிஸும் குடியால் வருவதில்லை. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளால் வருகிறது. சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் சேர்ந்த கொழுப்புக் கல்லீரலால் வருகிறது. ஒரு சொட்டும் குடித்தறியாத பெண்கள் இந்த நோயோடு வந்து, ‘நீங்க குடிப்பீங்களா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் கூனிக்குறுகிப் போகிறார்கள். இரண்டாவது, குடியால் வந்ததாகவே இருக்கட்டும். 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது தமிழக அரசு. டாஸ்மாக் வழியாக 2023-24-ல் கருவூலத்துக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. குப்பியை விற்றவர்களே குப்பி கெடுத்த கல்லீரலை ‘உன் பாடு’ என்று சொல்லக் கூடாது. குடியை நிறுத்தினாலே போர்ட்டல் அழுத்தம் இறங்கும் என்பதால், பேண்டிங் முடிந்து வெளியே அனுப்பும் சீட்டோடு, அதே வளாகத்தில் இருக்கும் மனநலப் பிரிவுக்கும் ஒரு சீட்டு போக வேண்டும். குடியை நிறுத்த உதவாமல் பேண்டிங் மட்டும் போட்டு அனுப்புவது அரைகுறை வைத்தியம்.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் அது வேலை செய்கிறது என்று சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும், புடைத்த நாளத்தைக் கீழாநெல்லி சுருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ‘மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து எடுக்கிறோம்’ என்று ஆறு மாதம் ஓடிவிடுவதுதான் இதில் இழப்பு. இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளும் இந்த நோயாளிகளுக்கு ஆகாது. தார் போலக் கறுத்து மலம் போனால் அதுவும் ரத்தம்தான். வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அரசு என்ன செய்யலாம்? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த சிரோசிஸ் நோயாளிக்குக் கார்வெடிலாலும் அந்தப் பையிலேயே வரட்டும். இது கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் மாத்திரை அல்ல. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடாது; ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழே போனால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாடி பார்க்கவும் அழுத்தம் அளக்கவும் அந்த ஊழியர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், ரத்தம் கசிந்த பிறகு போடும் பேண்டிங்குக்கும் கசிவுக்கு முன்பே போடும் பேண்டிங்குக்கும் வேறுபாடு பார்க்காமல் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். பேண்டிங் ஒரே நாளில் முடிகிற காரியமும் அல்ல. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, நாளங்கள் முழுவதும் மறையும்வரை வர வேண்டும். மூன்றாவது முறை வராமல் நின்றுவிடுபவர்களை ‘அக்கறையில்லாதவர்கள்’ என்று கோப்பில் எழுதி முடித்துவிடுகிறோம். அவர்களின் செலவைப் பாருங்கள். நகரப் பேருந்தில் துணைக்கு வரும் மனைவிக்குக் கட்டணமில்லை. மாவட்டத் தலைநகருக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் இருவருக்கும் கட்டணம் உண்டு. அன்றைக்கு இரண்டு கூலியும் போகும். காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் சத்துணவு உதவி தரும் ஒரு நாட்டில், பேண்டிங்குக்கு வரும் நாளுக்குப் பயணப்படி கொடுப்பது புதுமையல்ல.

முதலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. எந்தெந்த அரசு மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கும் பேண்டிங் போட ஆள் இருக்கிறது என்ற பட்டியலை, மாவட்ட வாரியாக, மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிடட்டும். அது 108 ஓட்டுநரின் கையில் இருந்தால், வண்டி ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அலையாது. அது சட்டமன்ற உறுப்பினரின் கையில் இருந்தால், தன் மாவட்டத்தின் பெயர் ஏன் அதில் இல்லை என்று மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் அமைச்சரைக் கேட்கலாம்.