தீக்குச்சியும் திருத்தொண்டும்

ஞாயிறு காலை ஆலயமணி ஒலிக்கிறது. காணிக்கைத் தட்டிலே அள்ளி அள்ளி வைக்கின்றனர் சீமான்கள். திங்கள் காலை ஆலைச் சங்கு அலறுகிறது. அணியணியாக உள்ளே நுழைகின்றனர் ஏழைப் பெண்கள். ஞாயிறன்று அளித்த ரொட்டியைத் திங்களன்று பறித்துக்கொள்வதற்குப் பெயர் தொண்டா?

கிழக்கு இலண்டனைக் காட்டி, "கண்டீரா கிறித்துவத் தொண்டின் விளைநிலத்தை!" என்று பெருமை பேசுவோர் உண்டு. பேசட்டும், பெருமைக்குரியது அங்கு இல்லாமலில்லை. 1865-ல் வைட்சாப்பல் வீதியிலே வில்லியம் பூத் தொடங்கிய பணி, 1878-ல் இரட்சணிய சேனை என்று பெயர் பூண்டது. பட்டுடை பூண்டோர் கால் வைக்கக் கூசிய சந்துகளிலே, பசியும் குடியும் பிணியும் குடியிருந்த பொந்துகளிலே, அச்சேனையினர் புகுந்தனர். சூப்பு, சோப்பு, இரட்சிப்பு - இது அவர்கள் வகுத்த வரிசை. வயிறு முதலில், ஆன்மா பிறகு! காய்ந்த வயிற்றுக்காரனிடம் பரலோகக் கதை அளக்கப் போகாத அந்த வரிசையைப் பாராட்டத் தயங்கோம். கொட்டும் முழக்கும் சற்று மிகுதி, போகட்டும்.

ஆனால் தோழர்களே, அதே கிழக்கு இலண்டனிலே 'போ' என்றொரு பேட்டை. பெயரே போ! உயிரே போ என்றல்லவா அங்கு வேலை வாங்கினர்! பிரையன்ட் அண்டு மே கம்பெனியின் தீப்பெட்டி ஆலை அது. வெள்ளைப் பாஸ்பரசின் நச்சாவி, சொத்தைப் பல்லின் வழியே நுழைந்து தாடை எலும்பை அழுகச் செய்யும். தாடையை அறுத்தெடுத்தும் பிழைக்காதோர் உண்டு. சிவப்புப் பாஸ்பரஸ் அன்றும் இருந்தது. அதில் அந்த ஆபத்து இல்லை. விலைதான் கூடுதல்! வேலை நேரத்திலே பேசினால் அபராதம். காலிலே அழுக்கிருந்தால் அதற்கும் அபராதம். செருப்புக்கு வழியற்றவளின் காலுக்கு!

1888 ஜூனில் இக்கொடுமையை ஏட்டிலே ஏற்றியவர் அன்னி பெசண்ட். ஆம், பின்னாளில் அடையாற்றிலே அமர்ந்து பிரம்மஞானம் பேசிய அதே அம்மையார்தான். அன்று அவர் கடவுள் மறுப்பாளர். கம்பெனியின் பங்குதாரர் வரிசையிலே பாதிரிமாரும் உள்ளனர் என்று அவர் சுட்டினார். நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஈவுத்தொகை! பிரசங்க மேடையிலே இரக்கம். பெட்டகத்திலே பங்குப் பத்திரம்! ஜூலையிலே சுமார் 1,400 தொழிலாளர், பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும், வேலைநிறுத்தம் செய்து அம்மாதமே வென்றனர். அபராதம் ஒழிந்தது, நஞ்சு ஒழியவில்லை.

பூத் பெரியவர் மற்றவரினும் உயர்ந்து நிற்பது இங்கேதான். சூப்பு ஊற்றி அழுகும் தாடையை ஆற்ற முடியாது என்பதை உணர்ந்தார். 1891-ல் ஓல்டு ஃபோர்டிலே தாமே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை திறந்தார். சிவப்புப் பாஸ்பரஸ்தான் பயன்படுத்தினார். மற்ற முதலாளிகள் ஒரு கிராசுக்கு இரண்டரைப் பென்னி அளவில் கூலி கொடுத்தபோது, அவர் நான்கு பென்னி கொடுத்தார். எனவே பெட்டியின் விலை ஏறியது. மலிவுப் பெட்டியோடு மல்லுக்கு நின்று, பத்தாண்டு அளவிலே அம்முயற்சி முடிந்தது.

முடியவிட்டது யார்? இங்கிலாந்திலே ஆலயத்துக்கா பஞ்சம்? மெழுகுவத்தி ஏற்றும் அத்தனை ஆலயமும், ஏழைப் பெண்ணின் தாடையைத் தின்னாத குச்சியால்தான் ஏற்றுவோம் என்று உறுதி பூண்டிருந்தால், அந்தத் தொழிற்சாலையின் கதவு சாத்தப்பட்டிருக்குமா? "சந்தை விவகாரம், சமயத்துக்கு எதற்கு?" என்பர். பங்குப் பத்திரம் வாங்கியபோது சந்தைக்குப் போன கால்கள், பெட்டி வாங்கப் போகும்போது மட்டும் வலித்தனவோ?

பாஸ்பரஸ் நோய் கண்டோரை மறைத்ததற்காக 1898-ல் அந்தக் கம்பெனிக்கு அபராதம் விதித்தது நீதிமன்றம். 1901-ல் கம்பெனி வெள்ளைப் பாஸ்பரசைக் கைவிட்டது. நாட்டிலேயே அதைத் தடுக்கும் சட்டம் 1908-ல் பிறந்து, 1910-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பெசண்ட் எழுதி இருபத்திரண்டு ஆண்டுகள்! அத்தனை ஞாயிறும் மணி ஒலித்தது. அத்தனை ஞாயிறும் ஏழைக்கு இரங்கப் பிரசங்கம் நடந்தது. இன்று அந்த ஆலைக் கட்டடத்திலே வசதியான குடியிருப்புகள். 2022-ல் அங்கு பதித்த நினைவுப் பலகை, வேலைநிறுத்தம் செய்த அந்தப் பெண்களைக் குறிப்பது.