மூக்குச் சதை: அறுவையோடு முடிவதில்லை சிகிச்சை

மூக்கில் சதை வளர்ந்தால் அதனை வெட்டியெடுத்துவிட்டால் போதும், நோய் தீர்ந்தது என்று நம் மக்களிற் பலர் எண்ணுகின்றனர். வெட்டினாலும் மீண்டும் வளரும், ஆகையால் வெட்டாதிருப்பதே மேல் என்று எண்ணுவோரும் உளர். முன்னது கவனக் குறைவுக்கும், பின்னது வீண் தாமதத்துக்கும் இடமளிக்கின்றது. அறுவைச் சிகிச்சை வைத்தியத்தில் ஒரு பாதியே. மறு பாதி நோயாளியின் வீட்டில் நடைபெற வேண்டியது. அந்த மறு பாதியை நாம் போதிய அளவு பேணுவதில்லை என்பதே எமது கருத்து.

மூக்குச் சதை புற்றுநோய் அன்று. மூக்கினுள்ளும், அதனையடுத்த எலும்பறைகளிலும் படர்ந்துள்ள சளிச்சவ்வு, நெடுநாள் அழற்சியினால் நீர் கோத்து, நுங்கைப்போல் வெளிறித் தொங்குவதே அது. வயது வந்தோருக்குப் பெரும்பாலும் இரு பக்கமும் தோன்றும். ஆஸ்துமாவும் உடனிருப்பது உண்டு. சிறுவர்களுக்குக் கன்னத்து எலும்பறையிலிருந்து ஒற்றைச் சதையாக வளர்ந்து, மூக்கின் பின்வழியே தொண்டையை நோக்கி இறங்கும் வகை ஒன்று உண்டு.

முற்காலத்தில் கண்ணுக்குத் தெரிந்த சதையைக் கம்பிச் சுருக்கினால் பற்றி இழுத்தெடுத்தனர். எலும்பறைகளுக்குள் இருந்த பகுதி தங்கிவிடவே, சதை மீண்டும் தலைகாட்டியது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெசர்கிளிங்கர் என்னும் மருத்துவர் மூக்கின் உட்புறத்தை உள்நோக்கிக் குழாயினால் ஆராய்ந்து காட்டிய வழியைப் பின்பற்றி, 1980க்குப் பிந்தைய ஆண்டுகளில் புதிய அறுவை முறை உலகெங்கும் பரவிற்று. கண்ணையும் மூளையையும் இவ்வறைகளினின்று பிரிப்பது காகிதம் போன்ற மெல்லெலும்பே; ஆதலால் சி.டி. படம் எடுத்து வழியறிந்த பின்னரே மருத்துவர் அறுவையைத் தொடங்குவர்.

ஆயினும் அறுவை சதையை நீக்குமேயன்றி, சவ்வின் அழற்சி இயல்பை நீக்காது. அடைபட்ட அறைகளைத் திறந்து, மருந்து உள்ளே சென்று சேர வழி செய்வதே அதன் பெரும்பயன். அவ்வழியே மருந்தைச் செலுத்தாமல் விட்டால் திறந்ததன் பயன் என்ன? மூச்சு தடையின்றி வந்தவுடன் மருந்தை நிறுத்திவிடுவதே பலர் செய்யும் பிழை. மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தை மாதக்கணக்கிலும், சிலர் ஆண்டுக்கணக்கிலும் தொடர வேண்டியிருக்கும்.

அறுவைக்குப் பின் சில நாள் இரத்தம் கலந்த சளி வடிவதும், பொருக்கு அடைப்பதும் இயல்பு. மருத்துவர் அனுமதிக்கும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தலாகாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்; பளு தூக்கலாகாது. மூக்கைக் கழுவும் உப்புநீர் கொதிக்கவைத்து ஆறிய நீரில் செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். மிகுந்த இரத்தப் பெருக்கு, கண் வீக்கம், பார்வை மங்கல், கடுந்தலைவலி, தெளிந்த நீர் சொட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனை செல்லுதல் அவசியம்.

ஆசிரியர்கள் எப்பொழுதும் வாய்வழியே மூச்சு விடும் மாணவனை மந்தன் என்று கடியாமல், பெற்றோருக்கு அறிவிப்பாராக. அறுவை செய்துகொண்ட பிள்ளைக்கு விளையாட்டு வகுப்பினின்று சில வாரம் விலக்களித்தல் நலம். களப்பணியாளர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளத்தில் நீராடுவோரிடையே காணப்படும் ரைனோஸ்போரிடியம் நோயில், சதை சிவந்து, வெண்புள்ளிகளுடன், தொட்டாலே இரத்தம் கசியும். அது வேறு நோய். அதனை நீக்கி அடிப்பகுதியையும் சுட வேண்டும். ஒரு பக்க அடைப்போ, இரத்தக் கசிவோ எவருக்கு இருப்பினும் மருத்துவரே பார்த்தல் வேண்டும். காரம் வைத்துச் சதையைக் கரைப்பதாகக் கூறுவோரிடம் அனுப்புதல் பெருந்தீங்கு.

நோயாளி வீடு திரும்பும்போது, செய்ய வேண்டுவனவற்றை அவரது தாய்மொழியில் எழுதிக் கொடுப்பது மருத்துவமனையின் கடமையாதல் வேண்டும். மறுமுறை வரவேண்டிய நாளைத் தம் குறிப்பேட்டில் பதிந்து நினைவூட்டுவது களப்பணியாளருக்குச் சிறு வேலையே. எத்தனை அறுவைகள் நடந்தன என்று மட்டும் எண்ணும் வழக்கத்தை விடுத்து, எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் தடையின்றி மூச்சு விடுகின்றனர் என்று எண்ணத் தொடங்குவோமானால், செலவிட்ட பொருளும் உழைப்பும் வீண்போகா.