பராக்கும் பலகையும்



கச்சிராயபாளையத்திலிருந்து தாய் ஒருவர் மடல் வரைந்துள்ளார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. கேரம் ஆட்டத்தில் கெட்டிக்காரி. வீட்டுத் திண்ணையில் ஆடினால் அண்ணன்மார் இருவரையும் தோற்கடித்து விடுகிறாளாம். ஆனால் பள்ளிப் போட்டியில் நாலு பேர் சுற்றி நின்று கைதட்டிக் கூச்சலிட்டால் விரல் நடுங்குகிறது; குழிக்கு ஓர் அங்குலத்தில் இருக்கும் காயும் தவறிப் போகிறது. “ஐயா, இவள் காதில் சத்தம் விழாமலிருக்க ஏதேனும் வழியுண்டா? பஞ்சு வைத்துக்கொண்டு ஆடச் சொல்லலாமா?” என்று அந்த அன்னை வினவியிருக்கிறார்.

மடலைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து என் வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பஞ்சு வேண்டாம், அம்மா. கேரம் ஆட்டத்தில் காதுக்கும் வேலையுண்டு. காய் சட்டத்தில் மோதித் திரும்பும் ஓசையிலிருந்தே பலகை எவ்வளவு வேகமாக ஓடுகிறது, மாவு போதுமா என்பதைப் பழகியவர்கள் கண்டுகொள்வார்கள். நமது கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவீர்கள். அந்தச் சிற்பிகளின் பட்டறைகளைச் சென்று பாருங்கள். பேருந்தும் லாரியும் ஊதிக்கொண்டு போகும். பக்கத்தில் இருவர் கட்டை அறுத்துக்கொண்டிருப்பார்கள். நடுவே அமர்ந்து தெய்வ உருவத்துக்குக் கண் திறந்துகொண்டிருப்பவரின் காதில் பஞ்சு இராது. உளி நல்ல மரத்தில் இறங்கும்போது ஓர் ஓசை, முடிச்சைத் தொடும்போது வேறோர் ஓசை. அதைக் கேளாமற்போனால் பல நாள் உழைப்பு ஒரே தட்டில் பாழாகிவிடும். ஆகவே காதை அடைப்பதன்று காரியம். காதுக்கு எதைக் கேட்பது என்று சொல்லி வைப்பதுதான் காரியம்.

இதை எனக்கு முதன்முதலில் விளக்கியவர் எழுத்தறியாத ஒரு பெரியவர். இளமையில் சில ஆண்டுகள் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் ஆசிரியனாக இருந்தேன். சாமைக் கதிர் முற்றும் பருவத்தில் மலையாளி மக்கள் கொல்லையில் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருப்பார்கள். காட்டுப்பன்றி இறங்கினால் ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு போய்விடும். ஒருநாள் அந்தப் பெரியவரோடு நானும் பரணில் ஏறி அமர்ந்தேன். மழை ஓய்ந்து ஓடை இரைந்துகொண்டிருந்தது. காற்று மரங்களை உலுக்கிற்று. பூச்சிகளின் கத்தல் வேறு. கண்ணை மூடியபடி தம் பேத்தியின் கலியாணச் செலவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென வாயை மூடினார். தகரத்தை எடுத்து ஓங்கித் தட்டினார். கீழே பன்றிகள் சரசரவென ஓடின. எனக்கோ எதுவும் கேட்டிருக்கவில்லை. “எப்படிக் கேட்டது, தாத்தா?” என்றேன். “நீ எல்லாத்தையும் கேக்குற, வாத்தியாரே. நான் பன்னியை மட்டும் கேக்குறேன்” என்றார்.

மலையிலிருந்து பலகைக்கு வருவோம். அமைதியான இடத்தில் பழகினால்தான் ஆட்டம் கைகூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் மாநிலத்துக் கேரம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1991, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக வெற்றியாளராகி, 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைக் கேரம் ஆட்டத்துக்காக முதன்முதலில் பெற்ற மரிய இருதயம் சென்னையைச் சேர்ந்தவர். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். அவர் தந்தையார் மூன்று சக்கர வண்டி ஓட்டியவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று திரும்பிய காசிமாவும் வடசென்னைச் சிறுமியே. தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். வடசென்னைத் தெருக்களை அறிந்தவர்களுக்கு அங்கே அமைதி எவ்வளவு கிடைக்கும் என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்துச் சண்டையும் ஒலிபெருக்கியும் ரயிலோசையும் சூழ்ந்த இடத்தில்தான் அந்தப் பலகைகள் கிடந்தன.

இதே குடும்பத்து ஆட்டங்களான பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் வேறு வளர்ப்பு. ஸ்னூக்கர் 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே தோன்றி, உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் பெற்றதாக அதன் வரலாறு கூறுகிறது. அங்கே ஒருவர் கோலை எடுத்தால் மற்றவர் நாற்காலியில் அமர்ந்துவிட வேண்டும்; பார்ப்பவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். நம் கேரமோ தெருவில் வளர்ந்த பிள்ளை. பார்ப்பவன் மூச்சு ஆடுபவன் பிடரியில் படும். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எது நல்ல வளர்ப்பு என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ஆயினும் எதிரணியின் மௌனத்தை நம்பிப் பழகியவனைவிட இரைச்சலில் பழகியவனுக்கு ஒரு வசதி உண்டு என்பதை மறுக்க இயலாது. சதுரங்கத்தில் 1948இல் உலக வெற்றியாளரான போட்வின்னிக் புகை பிடிக்காதவர். இருந்தும் பயிற்சி ஆட்டங்களில் தம் நண்பரைப் புகைவிடச் செய்தும் வானொலியை அலற விட்டும் பழகிக்கொண்டார். கச்சிராயபாளையத்துச் சிறுமிக்குப் புகை வேண்டாம், வானொலி போதும். அண்ணன்மாரையே பேசச் சொல்லலாம், அதற்கு அவர்களுக்குப் பயிற்சி தேவைப்படாது.

காது இப்படியென்றால், கண்ணுக்கு என்ன வேலை? கனடா நாட்டு ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் என்னும் அம்மையார், குறிபார்த்துச் செய்யும் செயல்களில் தேர்ந்தவர்களின் கண்ணசைவை அளந்து பார்த்தார். கை அசையத் தொடங்குமுன் அவர்களுடைய கடைசிப் பார்வை ஓரிடத்தில் நெடுநேரம் நிலைத்து நிற்பதைக் கண்டார். அதற்கு ‘அமைதிக் கண்’ என்ற பொருளில் பெயரிட்டார். நெடுநேரம் என்றால் நிமிடக் கணக்கன்று, நொடியும் நொடியின் பகுதியும்தான். பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களைக் கொண்டு வேறு ஆய்வாளர்கள் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. தேர்ந்தவர்களிடம் அந்த நிலைத்த பார்வை மற்றவர்களினும் நீண்டிருந்தது. தவறிய அடிகளைவிட வெற்றிபெற்ற அடிகளில் நீண்டிருந்தது. அடி கடினமாக ஆக இன்னும் நீண்டது. அந்தப் பார்வைக்கு நேரம் கொடாமல் அவசரப்படுத்தியபோது ஆட்டம் கெட்டது.

ஆகவே, அம்மா, மகளிடம் “சத்தத்தைக் கவனிக்காதே” என்று சொல்லாதீர்கள். கவனிக்காதே என்று சொன்ன மாத்திரத்தில் அதைத்தான் மனம் கவனிக்கும். “காயின் எந்த விளிம்பில் ஸ்ட்ரைக்கர் பட வேண்டுமோ அந்த விளிம்பைப் பார், பார்வை அங்கே ஊன்றிய பின் விரலை விடு” என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யட்டும்: ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தல், குழியைப் பார்த்தல், காயின் விளிம்புக்குத் திரும்புதல், மூச்சை விடுதல், அடித்தல். நடுவே மனம் கலைந்தால் விரலை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டும். கலைந்ததற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டாம். அந்தத் திட்டே அடுத்த இரைச்சல். செபத்தில் வரும் பராக்கைப் பற்றி நம் பாட்டிமார் ஞானோபதேசத்தில் கற்றது நினைவிருக்கலாம். தானே வந்த பராக்கு குற்றமன்று, வலிய வரவழைத்ததே குற்றம் என்பார்கள். வந்ததைக் கண்டதும் சண்டையிடாமல் விட்ட இடத்துக்குத் திரும்பி வா என்பார்கள்.

எல்லா இரைச்சலும் ஒன்றன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஓடையும் மின்விசிறியும் போல ஒரே சீராக வருவது விரைவில் பழகிப் போகும். திடீரென எழுவதும் பொருள்படப் பேசும் பேச்சும் அவ்வளவு எளிதில் பழகா. அவற்றுள்ளும் ஒன்று மிகக் கொடியது. 1953இல் காலின் செரி என்பவர் தொடங்கிய ஒரு வகை ஆய்வில், ஒருவரின் இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லும்படி பணித்தார்கள். மற்றக் காதில் சொல்லப்பட்டது ஏறக்குறைய ஒன்றுமே மனத்தில் தங்கவில்லை. அதே முறையை 1959இல் நெவில் மோரே மேலும் சோதித்தார். கவனியாத காதில் ஒரே சொற்களைப் பலமுறை திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்டவர்கள் அவற்றை அறியவில்லை. ஆனால் அந்தக் காதில் அவரவர் பெயரைச் சொன்னபோது, மூவரில் ஒருவருக்கு அது கேட்டுவிட்டது! அடைத்த கதவையும் தட்டித் திறக்கும் ஓசை சொந்தப் பெயர்தான்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பட்டறிந்திருக்கிறேன்.

2009ஆம் ஆண்டு, கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பொங்கலையொட்டி எங்கள் தெரு இளைஞர்கள் கேரம் போட்டி வைத்தார்கள். சாலையோரம் பந்தல், பந்தலின் இரு காலிலும் ஒலிபெருக்கி, பக்கத்தில் சேலம் சாலையில் கரும்பேற்றிய டிராக்டர்கள். என் மகனுக்கு வயது பதினைந்து. மூன்று சுற்றுகளிலும் தன்னினும் மூத்தவர்களை வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சொன்னான். அதுவரை போட்டிப் பக்கம் எட்டிப் பாராத நான், சட்டையை மாட்டிக்கொண்டு சென்று எதிராளியின் தோளுக்குப் பின்னால், மகன் முகத்துக்கு நேராக நின்றேன்.

கடைசிப் பலகை. அவனுக்கு வெள்ளை இரண்டு, எதிராளிக்குக் கறுப்பு இரண்டு, நடுவில் சிவப்பு. ஒரு வெள்ளையைப் போட்டான். சிவப்பையும் அழகாகப் போட்டான். மிஞ்சிய வெள்ளை குழி வாசலில் நின்றது. அதைத் தள்ளினால் ஃபாலோவும் ஆயிற்று, கோப்பையும் ஆயிற்று. கண் இமைக்காமல் காயைப் பார்த்து விரலை மடக்கினான். அப்போது நான் அவன் பெயரைச் சொல்லி, “அவசரப்படாதே” என்றேன். உரக்கச் சொல்லவில்லை. பாட்டு அலறிய அலறலில் என் பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிராது. காய் குழியில் விழவில்லை, ஸ்ட்ரைக்கர் விழுந்தது. சிவப்பு நடுவுக்குத் திரும்பிற்று. அபராதமாக ஒரு வெள்ளையும் திரும்பிற்று. எதிராளி நான்கு அடிகளில் ஆட்டத்தை முடித்தான்.

வீடு திரும்பும் வழியில், “இவ்வளவு இரைச்சலில் யாரால் ஆட முடியும்? ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்” என்று நான் பொரிந்து தள்ளினேன். அவன் நெடுநேரம் பேசாமல் வந்தான். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது, “பாட்டு எனக்குக் கேட்கவே இல்லை அப்பா. நீங்கள் பெயரைச் சொன்னதுதான் கேட்டது” என்றான். சற்றுப் பொறுத்து, “நீங்கள் வந்து நின்றதிலிருந்தே உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அன்றிரவு நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். என் மனைவி காரணம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கணக்குத் தேர்வு மதிப்பெண் வரும் நாளிலும், வீட்டுக்கு விருந்தினர் வந்து அவனைப் பாடச் சொல்லும் வேளையிலும் இதே முகத்தைத்தான் அவன் பார்த்து வளர்ந்திருக்கிறான் என்று பின்னொரு நாள் அவள் சொன்னாள்.

மடல் எழுதிய சகோதரிக்கு ஒரு கேள்வி. மகளின் விரல் நடுங்கிய அந்தப் பள்ளிப் போட்டிகளில் தாங்களும் கூட்டத்தில் நின்றிருந்தீர்களா? இல்லையெனில் மேலே சொன்ன பயிற்சிகளே போதும். நின்றிருந்தால், எங்கே நிற்பது என்பதை அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டேன். அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு முன்தினம், “நான் வரட்டுமா?” என்றேன். அவன் யோசித்து, “தேநீர்க் கடை வரைக்கும் வாருங்கள்” என்றான். கடை சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. அங்கிருந்து பந்தலின் துணி தெரியும், பலகை தெரியாது. பெஞ்சில் அமர்ந்து இரண்டு தேநீர் குடித்தேன். மூன்றாவதைக் கேட்காமலே கடைக்காரர் வைத்துவிட்டுப் போனார். ஒலிபெருக்கி அதே அலறல், டிராக்டர்கள் அதே இரைச்சல். அவற்றுக்கு நடுவே காய்கள் சட்டத்தில் மோதும் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.