பேட்டரி மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி காலமாகிவிட்டது. ஐந்து வருடம் எட்டு மாதம் உழைத்த ஜீவன். கரண்ட் போனால் பத்தே நிமிடத்தில் கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். சரி, இனி மாற்ற வேண்டியதுதான் என்று ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி நல்ல பையன்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார், டீ சொன்னார். ஆனால் என் வீட்டில் எத்தனை ஃபேன் ஓடுகிறது, என்ன இன்வெர்ட்டர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "அண்ணாச்சி, மாத்துறதுன்னு ஆயிப்போச்சு, 150 எதுக்கு? 200 ஏ.ஹெச். போட்டிருங்க. பத்து வருசத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்" என்றார். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "இல்லைன்னா லித்தியம் போட்டிருங்க. இப்ப எல்லாரும் அதுக்குத்தான் மாறுறாங்க" என்று அடுத்த அம்பையும் விட்டார்.

வீட்டுக்கு வந்து பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டால் அவனும் அதே பாட்டு. "அப்பா, காசைப் பார்க்காதீங்க. பெரிசாவே போடுங்க."

இந்தப் 'பெரிசாப் போட்டிருங்க' என்ற நான்கு நல்ல மனசுக்காரர்களின் யோசனைக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு. கடைக்காரரைத் திட்டுவதற்காக அல்ல. கேட்காமல் தலையாட்டுகிற நம்மைத் திட்டுவதற்காக.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். 30 வருடத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் நான். எக்ஸ்சேஞ்சுக்கு உயிர் பேட்டரி ரூமில்தான் இருந்தது. ஒவ்வொன்றும் 2 வோல்ட், 24 செல் வரிசையாகச் சேர்த்து 48 வோல்ட். ஊரே இருட்டானாலும் ரிசீவரைத் தூக்கினால் 'ஙொய்' என்று சத்தம் கேட்டதே, அந்தச் சத்தம் அந்த அறையிலிருந்துதான் வந்தது. ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டின் அடர்த்தியைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மேலதிகாரி உரித்துவிடுவார். என் டெரிகாட்டன் பேன்ட்கள் பலவற்றில் ஆசிட் துளி பட்டுச் சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும். என் வீட்டுக்காரிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அந்த அறையில் நான் கற்றது ஒன்றே ஒன்று. பேட்டரி கரண்டை உற்பத்தி செய்வதில்லை. அது ஒரு குடம். ஊற்றினால்தான் இருக்கும்.

இதை நான் மறந்திருந்த ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

என் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். தேரடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. இரண்டு வருடமாக நுரையீரல் கோளாறு. டாக்டர் சொன்னபடி வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மெஷின் ஓடுகிறது. அது கிட்டத்தட்ட 350 வாட் இழுக்கும். மருமகன் யாரோ சொன்னார்கள் என்று பழைய 120 ஏ.ஹெச். பேட்டரியை எடுத்துவிட்டு, புத்தம் புதிய 200 ஏ.ஹெச். போட்டார். இன்வெர்ட்டர் பழையதேதான். "மாமா, இனி ஐந்து மணி நேரம் கவலை இல்லை" என்றார். நானும் "நல்லது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேட்டரி ரூமில் தலை நரைத்தவன், அந்த இன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை. இது என் குற்றம்தான்.

ஒரு நாள் காலை 9 மணிக்குப் பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட் நின்றது. 2 மணிக்குத்தான் வந்தது. மெஷினும் ஒரு ஃபேனும் ஓடியதில் பன்னிரண்டேகால் வாக்கில் பேட்டரி கையை விரித்தது. மீதி நேரத்தைச் சிலிண்டரில் சமாளித்தார்கள். அன்று ராத்திரி 10 மணிக்கு மழைக்காற்றில் மறுபடியும் கரண்ட் போனது. "பகல் முழுக்கச் சார்ஜ் ஏறியிருக்கும்" என்று எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் மெஷின் நின்றது. அக்காவுக்கு மூச்சுத் திணறி, எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தைத் தட்டியிருக்கிறாள். அந்தச் சத்தத்தில் எழுந்த பேத்திதான் சிலிண்டரைத் திறந்துவிட்டாள். சிலிண்டரில் முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்க் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். அந்தப் பழைய இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றிய வேகம் 8 ஆம்பியர். கணக்குப் போடுங்கள். மதியம் 2 முதல் இரவு 10 வரை 8 மணி நேரம். எட்டெட்டு அறுபத்து நான்கு. ஏற்றுவதில் போகிற நஷ்டம் போக 54 ஆம்பியர்-மணி தங்கியிருக்கும். மெஷினும் ஃபேனும் சேர்ந்து 425 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்து, இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 44 ஆம்பியர் போகும். 54-ஐ 44-ஆல் வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம். கடிகாரம் சொன்னதையே காகிதமும் சொன்னது.

குடம் பெரிசு. குழாய் சிறிசு. காலியாகிவிட்ட பேட்டரி 200 ஆனாலும் 400 ஆனாலும் அந்த 8 மணி நேரத்தில் ஏறுவது அதே ஒன்றேகால் மணி நேரத்துக்கான சார்ஜ்தான்.

இதில் இன்னொரு வினையும் உண்டு. ஈய-அமில பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறாமல் அரைகுறையாகவே கிடந்தால், தட்டுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் அது திரும்பக் கரையாது. 2012-ல் நம் பக்கம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அந்தக் காலத்தில் புதுப் பேட்டரிகள் எல்லாம் ஒன்றரை வருடத்தில் செத்தன. "கம்பெனி ஏமாத்திட்டான்" என்றார்கள். பல வீடுகளில் செத்ததற்குக் காரணம் பட்டினி. பெரிய பேட்டரியைச் சின்னச் சார்ஜரில் மாட்டுவதும் அதே பட்டினிதான்.

அக்கா வீட்டில் பேட்டரியை நாங்கள் மாற்றவில்லை. 20 ஆம்பியர் வேகத்தில் சார்ஜ் ஏற்றும் சைன்வேவ் இன்வெர்ட்டரை மாற்றினோம். மெஷினைச் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டக்கூடாது என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சிலிண்டரை எப்போதும் முழுதாக வைப்பது என்று முடிவு செய்தோம். எந்தப் பேட்டரியும் ஒரு மனுஷியின் மூச்சுக்குக் கடைசிக் காவல் ஆகாது.

இப்போது என் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். பழைய ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 75 வாட். எல்.இ.டி. பல்பு நான்கு, 36 வாட். மோடம் 14 வாட். மொத்தம் 200 வாட். நஷ்டம் சேர்த்து பேட்டரியிலிருந்து 21 ஆம்பியர். பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். ஆகவே 150-ல் 75 மட்டும் எடுப்போம். மூன்றரை மணி நேரம் வரும். 200 போட்டால் நாலேமுக்கால் மணி நேரம்.

அந்த இரண்டு ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால்? மொத்தம் 110 வாட்தான். அதே 150 ஏ.ஹெச். பேட்டரி ஆறரை மணி நேரம் ஓடும். பெரிய பேட்டரி தராததை இரண்டு ஃபேன் தருகிறது. அதோடு கரண்ட் இருக்கும் நேரத்திலும் பில் குறைகிறது. இதை எந்தக் கடையிலும் யாரும் உங்களிடம் சொல்லப் போவதில்லை. பேட்டரிக் கடையில் ஃபேன் விற்பதில்லை அல்லவா!

அட்டையில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். 150 ஏ.ஹெச். என்பதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் சி20 என்று இருந்தால், 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும். சி10 என்றிருந்தால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம். ஒரே 150 என்றாலும் சி10 பேட்டரிதான் கனமான சரக்கு. அதேபோல '36+18 மாதம் வாரண்டி' என்பதில் 36 மாதம்தான் இலவச மாற்று. பின்னால் வரும் 18 மாதம் விலையில் தள்ளுபடி மட்டுமே. அதுவும் எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி. கடையில் சாதாரணமாகவே எம்.ஆர்.பி.யை விடக் குறைத்துத்தானே கொடுக்கிறார்கள்? அப்புறம் அந்தப் பதினெட்டால் என்ன லாபம்? வாரண்டி மாதத்தைப் பார்ப்பதை விட, பேட்டரி எந்த மாதம் தயாரானது என்று பாருங்கள். குடோனில் ஆறு மாதம் கிடந்தது சும்மாவே சார்ஜ் இறங்கியிருக்கும்.

லித்தியம் பற்றிச் சொல்லாமல் விட்டால், "கிழவன் பழசைப் பிடித்துத் தொங்குகிறான்" என்பீர்கள். அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஈய பேட்டரியைப் பிரான்சில் பிளான்டே செய்தது 1859-ல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது 1990-களில், அமெரிக்காவின் டெக்சாஸில், ஜான் குடினஃபின் ஆய்வுக்கூடத்தில். அதற்கு வழி போட்ட ஆராய்ச்சியை 1980-களில் அவரோடு சேர்ந்து செய்தவர் நம் தென் தமிழகத்துக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் இவர்தான். அந்த உரையை நான் யூடியூபில் பெருமையோடு பார்த்தேன்.

அந்தப் பேட்டரி எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஏறும், பல மடங்கு தடவை ஏற்றி இறக்கலாம். தனியாக இருக்கிறீர்கள், குனிந்து தண்ணீர் ஊற்ற முடியாது, தினமும் பல மணி நேரம் கரண்ட் போகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஈய பேட்டரிக்கென்று செய்த பழைய இன்வெர்ட்டரில் அதை அப்படியே மாட்டக்கூடாது. அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். மாதத்துக்கு நான்கைந்து மணி நேரம் கரண்ட் போகிற வீட்டில் ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கும் பேட்டரி எதற்கு? நான் போன பிறகும் அது உழைக்குமாம். உழைத்து என்ன பண்ண?

கடைசியாக ஒன்று. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பழைய பேட்டரியை என்ன செய்கிறீர்கள்?

எங்கள் தெருவில் ஒருவர், கடையில் கொடுக்கும் விலையை விட முந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தள்ளுவண்டி பழைய இரும்புக்காரரிடம் போட்டார். அந்த மனிதர் எடை குறைக்க, தெரு முனையிலேயே பேட்டரியைக் கவிழ்த்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றினார். நான் கத்தியபோது பாதி போய்விட்டது. ஒரு டியூபுலர் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை எங்கோ ஒரு கொல்லையில் உடைத்து, கரி அடுப்பில் உருக்குவார்கள். புகை மண்ணில் இறங்கும், மண் குழந்தையின் கையில் ஒட்டும். உலகத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர், சுமார் 80 கோடிப் பேர், ரத்தத்தில் ஈயத்தோடு வளர்கிறார்கள் என்று 2020-ல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இப்படிப் பேட்டரி உடைப்பது. ஈயம் மூளையைத் தாக்கும். போன அறிவு திரும்ப வராது.

பழைய பேட்டரியை முறையாகத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-லேயே சட்ட விதி வந்துவிட்டது. 2022-ல் புது விதிகள் வந்து லித்தியத்தையும் சேர்த்துக்கொண்டன. ஆகவே புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். முந்நூறு ரூபாய் குறையட்டும். நம் பேரன் பேத்திகள் விளையாடும் தெரு இது.

நான் என்ன வாங்கினேன் என்று கேட்பீர்கள். அதே 150 ஏ.ஹெச். டியூபுலர், சி10. இரண்டு பி.எல்.டி.சி. ஃபேன். பழையதைக் கடையில் ஒப்படைத்துப் பில் வாங்கிக்கொண்டேன். கடைக்காரத் தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் மகனிடம் கணக்கை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெருவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான்.

நீங்கள் கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள். கரண்ட் இல்லாதபோது வீட்டில் ஓட வேண்டியவை எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், உங்கள் இன்வெர்ட்டர் எத்தனை ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுகிறது. மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனை மீட்டரோடு வரச் சொல்லுங்கள். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வைத்திருக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீரே போதும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். போதாது. அதிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. அந்தச் சண்டையை நேரில் போட்டுக்கொள்கிறேன்.