‘வாங்கு’ என்று சொல்லி விற்காமல் இருப்பது என்ன வியாபாரம்?





பெருநாள் காசையும் உறவினர் கொடுத்த அன்பளிப்பையும் சேர்த்து வைத்துக் கணினி விளையாட்டு வாங்கும் பிள்ளைகள் நமது கள்ளிக்குப்பத்துத் தெருக்களிலும் இருக்கிறார்கள். புதிதாக வரும் ஒரு விளையாட்டின் விலை 3,000 ரூபாய், 4,000 ரூபாய் என்று போகிறது. முன்பெல்லாம் அம்பத்தூரில் ரயில் ஏறி, ரிச்சி தெருவுக்குப் போய், பெட்டியில் அடைத்த குறுவட்டைக் கையில் வாங்கி வருவார்கள். இன்று தந்தையின் கைப்பேசியிலிருந்து யுபிஐ வழியே பணம் போகிறது. விளையாட்டு இணையம் வழியே கணினியில் இறங்குகிறது. இதை வசதி என்று மட்டுமே நம்மில் பலர் பார்க்கிறார்கள். பிள்ளை ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துகிறது. ஆனால் நிபந்தனைப் பக்கத்தில், ‘உமக்கு எதுவும் விற்கப்படவில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தரப்படுகிறது’ என்ற கருத்து எழுதப்பட்டிருக்கிறது. பணம் கைமாறிய பின்னும் பொருள் கைமாறவில்லை. இது நேர்மையான கொடுக்கல் வாங்கல் அன்று என்பதே நமது வாதம்.

“கம்ப்யூட்டர் விளையாட்டுக்கெல்லாம் மார்க்கத்தைக் கொண்டு வருவதா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். தொழுகையை மறக்கடிப்பவை, சூதாட்டம் கலந்தவை, ஆபாசம் நிறைந்தவை ஆகிய விளையாட்டுகளைப் பற்றித் தனியே பேச வேண்டும். அனுமதிக்கப்பட்ட விளையாட்டை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறோம். பொருள் விளையாட்டாக இருக்கலாம். அதற்குக் கொடுக்கப்படும் பணம் விளையாட்டன்று. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. சந்தையில் அளக்கும் தானியத்தைக்கூடக் கவனிக்கும் மார்க்கம், ஒரு சிறுவனின் 3,000 ரூபாயைக் கவனிக்காமல் விடுமா?

குறுவட்டு கொடுத்தது என்ன?

குறுவட்டை வாங்கியவர் அதன் உரிமையாளர் ஆனார். ஆடி முடித்த பின் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுத்தார். பாதி விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் வேறொன்று வாங்கினார். புதிது வாங்க வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பழைய வட்டே வாசலாக இருந்தது. தம்பிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் அது தம்பியின் உடைமை ஆயிற்று. விளையாட்டைப் பிரதியெடுத்து விற்கும் உரிமை அவருக்கு இல்லை. ஒரு நூலை வாங்கியவர் அதை அச்சிட்டு விற்க முடியாதல்லவா? ஆனால் அந்த ஒரு பிரதி முழுவதும் அவருடையது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்லிற்று. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில், கடையில் ஆயத்தமாக விற்கப்படும் மென்பொருள் ‘சரக்கு’ என்ற வரையறைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2004 நவம்பரில் தீர்ப்பளித்தது. அறிவின் ஆக்கமாக இருந்தாலும், வட்டில் ஏறி விலைக்கு வந்துவிட்டால் அது விற்பனைப் பொருள் என்பது அதன் சாரம்.

பதிவிறக்கம் பறித்தது என்ன?

வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் ‘ஸ்டீம்’ என்னும் இணைய அங்காடியைத் தொடங்கியது. 2004 நவம்பரில் அந்நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளிவந்தபோது, கடையில் குறுவட்டு வாங்கியவரும் இணையத்தில் கணக்குத் திறந்து பதிவு செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. உடைமை வட்டிலிருந்து கணக்குக்கு நகர்ந்தது அப்போதுதான். அந்தக் கணக்கை விற்கவோ பிறருக்கு மாற்றவோ ஸ்டீமின் ஒப்பந்தம் இடம் தருவதில்லை. ஒரே வீட்டார் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. அதுவும் நிறுவனம் வகுத்த எல்லைக்குள்தான்.

இங்கே ஒரு முஸ்லிம் நின்று யோசிக்க வேண்டும். ஒருவர் மறைந்தால் அவருடைய செல்வம் எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்பதை அல்லாஹ் 4:11, 4:12 ஆகிய வசனங்களில் பங்கு பங்காக வகுத்துத் தந்திருக்கிறான். பத்து ஆண்டுகள் சம்பாதித்து 50,000 ரூபாய்க்கு விளையாட்டுகள் சேர்த்த ஒருவர் மறைந்தால், அந்தக் கணக்கு வாரிசுகளுக்குச் சேருமா? சேராது என்பதே ஒப்பந்தத்தின் நிலை. இரவல் கொடுக்க முடியாது, விற்க முடியாது, அன்பளிப்பாக்க முடியாது, வாரிசுக்கும் போகாது என்றால், வாங்கியதாக எந்தப் பொருளில் சொல்கிறோம்?

வாழ்நாளிலேயே பறிபோவதும் உண்டு. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்னும் கார் ஓட்டும் விளையாட்டை வெளியிட்டது. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருக்க வேண்டிய விளையாட்டு அது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. முழு விலை கொடுத்தவர்களும் அதன் பிறகு ஆட முடியவில்லை. குறுவட்டு வைத்திருந்தவர் கையில் மிஞ்சியது வெறும் பிளாஸ்டிக். இதை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்கு 2025 ஜூலைக்குள் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. விளையாட்டுத்தானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

விற்பனையா, வாடகையா?

நமது ஃபிக்ஹ் நூல்கள் ‘பைஉ’ என்னும் விற்பனையையும் ‘இஜாரா’ என்னும் வாடகையையும் தனித்தனி ஒப்பந்தங்களாக வைத்திருக்கின்றன. விற்பனை என்றால் பொருளின் உடைமை வாங்குபவருக்கு மாற வேண்டும். வாடகை என்றால் பயன் என்ன, காலம் எவ்வளவு என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தபோது, அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒழுங்குபடுத்தியதை புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் காண்கிறோம். முடிவு தெரியாத வியாபாரமாகிய ‘கரர்’ தடுக்கப்பட்டதும் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது.

இந்த அளவுகோலால் அந்தப் பொத்தானை அளந்து பாருங்கள். உடைமை மாறவில்லை, ஆகவே விற்பனை அன்று. எத்தனை ஆண்டுகள் என்று சொல்லப்படவில்லை. ஆகவே முறையான வாடகையும் அன்று. விற்பனையின் விலையை வாங்கிக்கொண்டு, வாடகைக்காரனுக்கு உரிய பாதுகாப்பைக்கூடத் தராத ஒரு மூன்றாவது வகை இது. வீட்டை வாடகைக்கு விடுபவர்கூடப் பதினொரு மாதம் என்று எழுதித் தருகிறார். இவர்கள் அதையும் தருவதில்லை.

கலிபோர்னியா மாநிலம் இதைப் புரிந்துகொண்டு ஒரு சட்டம் இயற்றியது. உரிமம் மட்டுமே தருகிறவர்கள், அதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்கு’ போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. நிரந்தரமாகப் பதிவிறக்கி இணையமின்றிப் பயன்படுத்தத் தரப்படுபவற்றுக்கு அது பொருந்தாது. சட்டத்தின் கட்டாயம் வரும்வரை உண்மையைப் பெரிய எழுத்தில் சொல்லத் தோன்றாத வியாபாரத்தை என்னவென்று அழைப்பது?

“ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தினாயே!”

நிறுவனங்களின் பக்கம் நின்று பேசுவோர் முதலில் எடுப்பது இந்த ஆயுதத்தைத்தான். முஸ்லிம்கள் தமது நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழியையும் சிலர் காட்டுவர். அதே அறிவிப்பு திர்மிதியில் ஒரு விதிவிலக்கோடு வருகிறது: ஹலாலை ஹராமாக்கும், ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனை அதில் சேராது. பரீரா (ரலி) அவர்களை வாங்கி விடுதலை செய்ய ஆயிஷா (ரலி) அவர்கள் முன்வந்தபோது, விடுவிப்பவருக்கே சேர வேண்டிய ‘வலா’ உரிமை தம்மிடமே இருக்க வேண்டும் என்று விற்றவர்கள் நிபந்தனை விதித்தார்கள். அந்த நிபந்தனை செல்லாது என்று நபி (ஸல்) அவர்கள் மக்கள் முன் அறிவித்தார்கள். விற்ற பின்னும் வாங்கியவரின் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் தந்திரம் புதிதன்று.

நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(46)இல் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதை வரையறுக்கிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வழி வைப்பதும் அதில் ஒன்று. யாரும் படிக்க முடியாத நீளத்தில் எழுதி, கீழே ஒரு கட்டம் வைத்து அழுத்தச் சொல்வதால் அநியாயம் நியாயமாகிவிடாது.

“குறுவட்டு மட்டும் யோக்கியமா?”

இது நியாயமான கேள்வி. 2015இல் ‘மெட்டல் கியர் சாலிட் 5’ விளையாட்டின் கணினிப் பெட்டிக்குள் இருந்த வட்டில் விளையாட்டே இல்லை; ஸ்டீமை நிறுவும் பத்து எம்.பி.க்கும் குறைவான கோப்பு மட்டுமே இருந்தது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அதே 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டுப் போட்ட பழைய வட்டுகள் அதில் இயங்கவில்லை. வட்டில் கீறல் விழும். இன்றைய மடிக்கணினிகளில் வட்டு செருகும் இடமே இல்லை. 100 ஜிபி விளையாட்டை 4.7 ஜிபி டிவிடிகளில் அடைப்பதும் நடவாத காரியம்.

ஆகவே பிளாஸ்டிக் வட்டை மீட்டுத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. வட்டு கொடுத்த உரிமையைப் பதிவிறக்கத்திலும் கொடுங்கள் என்று கேட்கிறோம். அது முடியாத காரியமும் அன்று. 2008இல் தொடங்கிய ‘ஜிஓஜி’ அங்காடி, பூட்டு இல்லாத நிறுவல் கோப்புகளை வாங்குபவரிடமே கொடுக்கிறது. அவற்றைச் சொந்த ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டால், நாளை அங்காடி மூடினாலும், இணையமின்றி இயங்கும் விளையாட்டு நம்மிடம் இருக்கும். மறுவிற்பனைக்கு அங்கும் வழியில்லை என்றாலும், கைக்கு வந்தது கையில் இருக்கிறது. ஒருவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது? மனம் இல்லை என்பதே விடை.

அநியாயத்துக்குத் திருட்டு பரிகாரம் ஆகாது

“அவர்கள் ஏமாற்றுகிறார்கள், நாமும் கள்ளப் பிரதியை இறக்கிக்கொள்வோம்” என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். இதை நாம் ஏற்க முடியாது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, பதிப்புரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை மார்க்கத்தின் பார்வையிலும் மதிக்கப்பட வேண்டிய உரிமைகள் என்றும் அவற்றை மீறலாகாது என்றும் தீர்மானித்தது. விற்பவன் வாக்கில் குறை வைத்தான் என்பதற்காக, உழைத்துச் செய்த கலைஞரின் கூலியைப் பறிப்பது ஹலால் ஆகிவிடாது. ஒரே கணக்கின் கடவுச்சொல்லை இருபது பேருக்கு 200 ரூபாய் வீதம் விற்பதும் அப்படியே. தன்னுடையது அல்லாததை விற்கும் வியாபாரம் அது. பிடிக்காத ஒப்பந்தத்தைச் செய்யாமல் இருப்பதும், மாற்றச் சொல்லிக் குரல் கொடுப்பதும்தான் மூமினின் வழி.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர் ‘பிள்ளை ஏதோ வாங்குகிறான்’ என்று பணத்தை அனுப்பிவிடாமல், உடைமை வருகிறதா, உரிமம் மட்டும் வருகிறதா என்று கேட்க வேண்டும். உரிமம்தான் என்றால், வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு கொடுப்போமோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள். தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள். பூட்டு இல்லாத பிரதி கிடைக்கும் இடத்தில் அதையே தேர்ந்தெடுங்கள். ரசீதுகளைச் சேமித்து வையுங்கள். கணக்கு காரணமின்றி முடக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். விளையாட்டுப் பெட்டிகள் விற்கும் நம் சமுதாயக் கடைக்காரர்கள், உள்ளே விளையாட்டு இருக்கிறதா, வெறும் குறியீட்டுச் சீட்டு இருக்கிறதா என்பதை வாங்குபவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஃபத்வா வழங்குவது நமது தகுதிக்கு உட்பட்டதன்று. ஆலிம்களிடம் நாம் வைப்பது ஒரு வேண்டுகோள்: வட்டியைப் பற்றியும் தங்கச் சீட்டைப் பற்றியும் ஜும்ஆ பயான்களில் எடுத்துரைப்பது போல, இந்த உரிம ஒப்பந்தங்களைப் பற்றியும் பேசுங்கள். இன்று விளையாட்டு, நூலும் பாடமும் மென்பொருளும் ஏற்கெனவே இந்த வழியில்தான் வந்துகொண்டிருக்கின்றன. நமது பிள்ளைகள் எதையும் உடைமையாகக் கொள்ளாமல், எல்லாவற்றுக்கும் விலை மட்டும் கொடுத்துப் பழகிவிட்டால், வாங்கல், விற்றல், வாரிசுரிமை ஆகிய சொற்களின் பொருளை அவர்களுக்கு எப்படி விளக்குவோம்?

விற்கிறவரே, விற்றால் கொடுத்துவிடும். வாடகைக்கு விட்டால் காலத்தைச் சொல்லும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதாதீர்.

கொடுக்கல் வாங்கலில் உண்மையைப் பேணும் மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.