சின்னத் துப்பாக்கிக்கு எந்த மருந்து?

கல்வராயன் மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி இந்த வாரமும் வந்திருக்கிறது. வழக்கமான நாலு வரிதான்: உரிமம் இல்லாத துப்பாக்கி ஒன்று, கரிமருந்து கொஞ்சம், பால்ரஸ் குண்டு கொஞ்சம். நைனார்பாளையம் டீக்கடையில் அதை வாய்விட்டுப் படித்த பையன், "கரிமருந்துக்கு எதுக்குப் பெரியப்பா அலையணும்? நாலு அணுகுண்டு வெடியப் பிரிச்சுக் கொட்டுனா ஆச்சு" என்றான். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மக்காச்சோளம் போட்டவர்களின் காட்டுப்பன்றிக் கவலை எனக்குத் தெரியாததல்ல. ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் சாய்ந்து கிடக்கும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க இடம் இருக்கிறது. அந்த உரிமத்தை ஒரு சிறு விவசாயி கேட்டு வாங்குவது எவ்வளவு பாடு என்பதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பையனுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

அணுகுண்டு வெடிக்குள் இருப்பது கரிமருந்து அல்ல, தம்பி. சத்தத்துக்காக அலுமினியத் தூள் சேர்த்த கலவை அது. அதன் வேலை, தன்னைச் சுற்றியிருக்கும் கூட்டை ஒரே நொடியில் கிழிப்பது. காகிதக் கூட்டைக் கிழித்தால் தீபாவளி. இரும்புக் குழாயைக் கிழித்தால், குழாயைப் பிடித்திருந்த கை போகும். கரிமருந்தின் குணம் வேறு. அது எரிந்து வாயுவைக் கிளப்பி, அந்த வாயுவின் அழுத்தத்தால் குண்டைக் குழாய் நெடுகத் தள்ளிக்கொண்டு போகும். தள்ளுவதும் கிழிப்பதும் ஒன்றா? இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைப் பழைய குழாயில் போட்டாலும் இதே கதிதான். அந்த அழுத்தத்தைத் தாங்க அந்த இரும்பு செய்யப்படவில்லை.

கரிமருந்திலேயே எல்லாம் ஒன்றல்ல. இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததுதான் என் வயிற்றெரிச்சல். உதாரணம் ஒன்று. ஒரு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கைத்துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். பிடியில் பித்தளைப் பூண், சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் இரும்புத் தாடை, பக்கத்தில் ஒரு சிட்டிகை மருந்து வைக்கும் சின்னக் கிண்ணி. கீழே அட்டையில் 'கைத்துப்பாக்கி, 18ஆம் நூற்றாண்டு' என்று ஒரே சொல், ஒரு காலம். அதற்குள் என்ன போனது, ஏன் அது பீரங்கிக்குப் போன அதே மருந்தல்ல என்று ஒரு வரிகூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சின்னத் துப்பாக்கியின் சங்கடம் அதன் குழாயின் நீளம். குண்டு வெளியே வர எடுக்கும் நேரம் கண்ணிமைப்பைவிடக் குறைவு. அதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும். பெரிய மணியாக இருந்தால் பாதி எரியும்போதே குண்டு வாயைத் தாண்டிவிடும். மிச்சம் வாய்க்கு வெளியே நெருப்பாகவும் குழாய்க்குள் கரியாகவும் வீணாகும். மணி சிறுத்தால் தீப்பிடிக்கும் பரப்பு கூடும், சீக்கிரம் எரியும். மேல்நாட்டில் எஃப் என்ற எழுத்தை அடுக்கித் தரம் பிரிக்கிறார்கள். ஒற்றை எஃப் அகலக் குழாய்களுக்கு, இரட்டை எஃப் நீளத் துப்பாக்கிக்கு, மூன்று எஃப் கைத்துப்பாக்கிக்கு, நான்கு எஃப் அந்தக் கிண்ணியில் வைக்கும் பற்றுமருந்துக்கு. மூன்று எஃப் மணி கசகசாவைவிடப் பொடிசு.

அப்படியானால் மாவாக அரைத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் அந்தக் காலத்துக்காரர்களின் மூளையைப் பார்த்து நான் அசந்துபோகிறேன். மாவு அமுங்கிக் கெட்டிப்பட்டால் நெருப்பு உள்ளே புக இடுக்கு இருக்காது. ஒரு தரம் மெல்லப் புகையும், ஒரு தரம் சட்டென்று பிடிக்கும். மூட்டையில் போட்டு வண்டியில் குலுக்கினால் மருந்தில் சேர்ந்த வெடியுப்பும் கந்தகமும் கரியும் பிரிந்து போகும். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில்தான் மாவை மணியாக்கக் கற்றுக்கொண்டார்கள். மணிக்கு மணி இடையே இருக்கும் காற்று வழியாகத் தீ எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடும். துப்பாக்கி கையளவுக்குச் சிறுத்ததில் கொல்லனுக்கு இருக்கும் பங்கு மணியை அளவு பிரித்த சல்லடைக்கும் உண்டு.

எரிந்தபின் கரிமருந்தின் எடையில் பாதிக்குமேல் திடச் சாம்பலாகிவிடும். அதில் குழாயில் தங்குவது ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாத குழாய் மறுநாள் துருவோடு நிற்கும். அருங்காட்சியக அட்டையில் இதையாவது எழுதலாம்.

வெடியுப்பின் கதை பெரிது. பிளாசிப் போருக்குப் பின் பீகார் வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்து நடத்திய சண்டைகளுக்கு அந்த மண்ணின் உப்பு கப்பல் கப்பலாகப் போனது. நம் பக்கமும் சும்மா இருந்த சீமை இல்லை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஐதர் அலியும் முட்டிக்கொண்ட தியாகதுருகம் கோட்டை நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் நிற்கிறது. செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரியில் மருந்துக் கிடங்கைப் பார்க்கலாம்.

என்னை அதிகம் இழுப்பது கரிதான். கருவேலங்கரி கொல்லன் உலைக்கு ஆகும், மருந்துக்கு ஆகாது. வைரம் பாய்ந்த மரத்தின் கரி மெதுவாகத்தான் எரியும். மருந்துக்கு இலேசான, பஞ்சு போன்ற கரி வேண்டும். ஐரோப்பியர் அதற்காக வில்லோ மரத்தைத் தேடினார்கள். இந்தியாவில் துவரைக் குச்சி, எருக்கு, திருகுகள்ளி. எல்லாம் நம் வரப்பிலும் வேலியிலும் நிற்பவை. துவரை அடித்து முடித்ததும் நாம் அடுப்புக்குக் கட்டி வைக்கும் அதே குச்சிதான் ஒரு காலத்தில் படைகளின் மருந்துக்குப் போனது. இதைத் தெரிந்துகொண்ட அன்றிலிருந்து எங்கள் தெருவில் சாத்தி வைத்திருக்கும் துவரைக் கட்டுகளை நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

அந்த அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். கைத்துப்பாக்கிக்குப் பக்கத்தில் வெறும் கரியையே மூன்று அளவு மணியாகச் சலித்து மூன்று கிண்ணத்தில் வையுங்கள், ஒரு துவரைக் குச்சியையும் வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கம் திருவிழாவுக்குத் தலைமுறையாக வாணம் கட்டிய குடும்பத்தார் இதைப் படித்தால், உங்கள் தாத்தா எந்தச் செடியின் கரியைக் கேட்டு வாங்கினார் என்று எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.